எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்து: ஒரு வாய்ப்புற்று நோயாளி, ஒரு நர்ஸ், ஒரு பாடம்

நர்ஸ்களுக்கான புற்றுநோய் வலி வகுப்பில் நான் அடிக்கடி எடுக்கும் நிகழ்வு இது. நோயாளியின் வயது, ஊர், குடும்ப விவரம் எல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மருந்தையும் அளவையும் நடந்த தவறுகளையும் மாற்றவில்லை. தவறுகளில் ஒன்று என்னுடையது. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

நோயாளி

பெண், வயது 61. தென் மாவட்டத்தில் ஒரு கிராமம். நாற்று நடவு, களையெடுப்பு என்று வாழ்நாள் முழுக்க வயல்வேலை. கல்யாணமான புதிதில் தொடங்கிய வெற்றிலை, புகையிலை. ராத்திரி படுக்கும்போதும் இடது கன்னத்தில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டுதான் தூங்குவாராம். புற்று வந்ததும் அந்தக் கன்னத்தின் உட்புறத்தில்தான். கதிர்வீச்சும் கீமோவும் முடித்து எட்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. நாங்கள் பார்க்கும்போது வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், அதில் கஞ்சியும் பாலும். கன்னத்தின் வெளிப்பக்கம் உடைந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு புண். எடை 38 கிலோ.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசியாக இருந்த மருந்துகள் மூன்று. டிராமடால் 50 மி.கி. எஸ்.ஓ.எஸ். பாராசிட்டமால் எஸ்.ஓ.எஸ். டைக்ளோ ஊசி எஸ்.ஓ.எஸ்.

எஸ்.ஓ.எஸ். என்பது 'தேவைப்பட்டால்' என்ற பொருளுடைய லத்தீன் சொற்களின் சுருக்கம். நம் வார்டுகளில் அதன் நடைமுறைப் பொருள் வேறு. வலி தாங்க முடியாமல் நோயாளி முனகி, கூட இருப்பவர் எழுந்து வந்து சிஸ்டரைக் கூப்பிட்டு, சிஸ்டர் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வந்தால் கிடைக்கும் மருந்து. அதாவது வலி முதலில் ஜெயிக்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. நடுராத்திரியில் வார்டில் ஒரே சிஸ்டர் இருந்தால் அதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். கூட இருப்பவருக்கு மாத்திரை கொடுப்பதில் பயம், நோயாளிக்குத் தொந்தரவு தருகிறோமே என்று கூச்சம். எப்போது 'தேவைப்படும்' என்று இருவருமே தீர்மானிக்க மாட்டார்கள்.

நர்ஸ்

ஸ்டாஃப் நர்ஸ். பத்து வருட வார்டு அனுபவம். வட்டார அளவில் நோயாளிகளின் வீட்டுக்கே போகும் நோய் ஆதரவு சிகிச்சைப் பணிக்கு மாறி வந்திருந்தார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் இந்த வேலை நிறைய கிராமங்களுக்குத் தெரிந்த ஒன்றாகிவிட்டது. என்னிடம் ஐந்து நாள் பயிற்சி. வகுப்புக்கு முன்பு ஒரு தேர்வு, முடிந்த பிறகு ஒரு தேர்வு வைப்போம். முடிவுத் தேர்வில் 20க்கு 19 வாங்கியவர் அவர். உலக சுகாதார நிறுவனம் 1986ல் சொன்ன மூன்று படிகளை, முதலில் பாராசிட்டமால் வகை, அடுத்து டிராமடால், கோடீன் வகை, மேலே மார்ஃபின் என்று, ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார். 'வாய்வழியே, கடிகாரப்படி, படிப்படியாக' என்பதையும் எழுதியிருந்தார்.

பயிற்சி முடிந்த மறுவாரம் இந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து கேஸ் ஷீட்டில் அவர் எழுதியது: 'வலி 10க்கு 4. டிராமடால் எஸ்.ஓ.எஸ். தொடரவும்.'

இந்தத் தேர்வுகளின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஐந்து நாளில் மார்க் கட்டாயம் ஏறும். ஆனால் பத்து வருடமாக கை எழுதிப் பழகிய மூன்றெழுத்து ஐந்து நாளில் கையை விட்டுப் போகாது.

இரண்டாவது விசிட்

அடுத்த முறை நானும் கூடப் போனேன். ஓட்டு வீடு. அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர். அவர் தலை படும் உயரத்தில் ஒரு முழ அகலத்துக்கு எண்ணெய்க் கறை, ஓரங்களில் பழுப்பேறி, நடுவில் கறுத்து. கீழே பாய் சுருட்டியபடியே கிடந்தது. அதன்மேல் தூசி.

நர்ஸ் வழக்கம்போல் கேட்டார். "அம்மா, பத்துக்கு எவ்வளவும்மா வலி?" அந்த அம்மா யோசித்து நாலு விரலைக் காட்டினார். சிஸ்டரும் குறித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கு வலியை 'பத்துக்கு' என்று அளப்பது ஒரு கணக்குப் பரீட்சை. சந்தை தெரியும், கூலி தெரியும், மதிப்பெண் தெரியாது. நான் கேட்டேன். "முழு ரூபா வலின்னா உயிர் போற வலின்னு வச்சுக்குங்க. இப்ப எத்தனை அணாம்மா?" கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது, டியூபுக்கும் திறக்காத தாடைக்கும் நடுவிலிருந்து கசங்கி: "பன்னெண்டணா." பதினாறணா ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கில் முக்கால்பங்கு வலி. ராத்திரியில்? கையை அகல விரித்தார். வீட்டுக்காரர் சொன்னார்: "ராத்திரி படுக்கவே மாட்டா நர்சம்மா. படுத்தா காதுக்குள்ள இழுக்குதாம். இப்படியேதான் செவுத்துல சாஞ்சு உக்காந்திருப்பா, விடிய விடிய."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். முதல் விசிட்டிலேயே அந்தக் கறையைப் பார்த்ததாக நர்ஸ் பிறகு சொன்னார். வெள்ளையடித்து நாளாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதுதான், அவர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது. 1968ல் இப்படி வரையறுத்தவர் மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ். இன்றைக்கும் வலி வகுப்புகளில் முதல் நாளே சொல்லப்படும் வாசகம் இது, நானும் சொல்கிறேன். ஆனால் நோயாளி 'சொல்வதற்கு' நாம் கேட்கும் கேள்வி அவர் பாஷையில் இருக்க வேண்டும். நாலு என்று அவர் சொன்னதும் பன்னெண்டணா என்று சொன்னதும் ஒரே வலியைத்தான்.

வலிக்குத் தமிழில் எத்தனை பெயர்

இந்த நிகழ்வுக்குப் பிறகு என் வகுப்பின் முதல் மணி நேரம் மாறிவிட்டது. படிகள், மருந்துகள் எதையும் தொடுவதில்லை. போர்டில் 'வலி' என்று எழுதிவிட்டு, உங்கள் ஊரில் இதை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கேட்கிறேன். முதலில் கொஞ்சம் கூச்சம். அப்புறம் கொட்டும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், காந்தல், சுரீர், சுருக், விண்விண், நமநம, மதமத, 'எறும்பு ஊருது', 'கரண்ட் அடிச்ச மாதிரி', 'மிளகாப் பொடி தூவுன மாதிரி', 'அம்மி வச்ச மாதிரி'. போர்டு நிறைந்துவிடும்.

நர்ஸிங் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தமிழில் வலிக்கிறார். நடுவில் இருக்கும் நர்ஸ் எல்லாவற்றையும் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் போட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார். இதில் தொலைவது கவிதை இல்லை, மருந்து. குத்தல், விண்விண், கடுப்பு என்றால் பெரும்பாலும் சதையோ எலும்போ, மார்ஃபின் வகை நன்றாகக் கேட்கும். எரிச்சல், காந்தல், கரண்ட், எறும்பு ஊருது, தொட்டாலே கூசுது என்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மார்ஃபினோடு அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற வேறு மருந்தும் வேண்டியிருக்கும். வயிறு பிசைகிறது, முறுக்குகிறது என்றால் குடலைப் பார்க்க வேண்டும். போர்டில் இருக்கும் சொற்களை நர்ஸ்களையே எழுந்து வந்து இந்த மூன்று பக்கமாகப் பிரிக்கச் சொல்கிறேன். சண்டை வரும். 'உளைச்சல்' எந்தப் பக்கம் என்று ஒருமுறை அரைமணி நேரம் விவாதம். எனக்கும் இன்னும் தெரியாது.

இந்த அம்மாவிடம் அன்று நிதானமாகக் கேட்டபோது இரண்டு வலிகள் பிரிந்து வந்தன. கன்னத்தில் விண்விண்ணென்று தெறிப்பது ஒன்று. காதுக்குள்ளும் பொட்டிலும் காந்தலோடு சுரீரென இழுப்பது இன்னொன்று. கேஸ் ஷீட்டில் அதுவரை ஒரே வலிதான் இருந்தது.

மார்ஃபின்

நம் நாட்டில் நர்ஸ் மார்ஃபின் எழுத முடியாது. உகாண்டாவில் 2004லிருந்து தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் எழுதலாம். அங்கே டாக்டரைப் பார்க்காமலேயே செத்துப்போகிறவர்கள் அதிகம் என்பதால் வந்த சட்டம் அது. இங்கே நர்ஸ் செய்ய வேண்டியது, டாக்டர் முடிவெடுக்கும் அளவுக்குச் சரியான தகவலைப் போனில் சொல்வது. 'பேஷன்ட்டுக்குப் பெயின் இருக்கு சார்' என்றால், 'சரி, டிராமடால் கொடுங்க' என்றுதான் பதில் வரும். அன்று நர்ஸ் சொன்னது இப்படி: "சார், பகல்ல பன்னெண்டணா, ராத்திரி முழு வலி. படுக்கவே முடியல. டிராமடால் நாள் பூரா மூணு கொடுத்தும் கேக்கல. காதுல நரம்பு வலி மாதிரி இருக்கு. கிரியாட்டினின் நார்மல்." கடைசியில் சொன்னது சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்பதற்கு. இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

மார்ஃபின் 10 மி.கி. சாதாரண மாத்திரையில் பாதி, 5 மி.கி., நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு, அதாவது முழு மாத்திரை, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக. நடுவில் வலி மீறினால் இன்னொரு 5 மி.கி., அதையும் குறித்து வைக்க வேண்டும். பாராசிட்டமால் தொடரும், ஆனால் அதுவும் நேரப்படி. டிராமடாலும் டைக்ளோவும் நிறுத்தம். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து டியூபில் விடலாம். சாதாரண மாத்திரையை மட்டும்தான் அப்படிப் பொடிக்கலாம். எஸ்.ஆர். என்று போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் நர்ஸின் முகம் தெளியவில்லை. "மேடம், மூச்சு நின்னுட்டா?" என்றார் வாசலில் வைத்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ல் வந்த பிறகு லைசென்ஸ் சிக்கலுக்குப் பயந்தே மார்ஃபினை வாங்கி வைக்காமல் விட்டன ஆஸ்பத்திரிகள். 1997ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குச் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ. 2014ல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் படித்து வந்த எங்களில் பலருக்கு மார்ஃபின் என்றால் இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரிக்குள் இருக்கும் ஊசி, அவ்வளவுதான். மாத்திரையாகப் பார்த்ததே இல்லை. பார்க்காத மருந்தின் மேல் இருப்பது பயம் மட்டும்தானே.

அதனால் பயத்தை அலட்சியப்படுத்தாமல் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மூச்சு குறைவதற்கு முன்பு தூக்கம் அதிகமாகும். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேச்சுக்கு நடுவில் சொக்கிப்போகிறாரா என்று பாருங்கள். எழுப்ப முடியாத தூக்கமும் நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே மூச்சும் வந்தால்தான் ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் தூங்குவார். பல மாதம் தூங்காதவர், தூங்கட்டும்.

வீட்டுக்காரரின் பயம் வேறு. "இது போதை மருந்தாமே. பழகிப் போயிருமே?" அவருக்கு நர்ஸே பதில் சொன்னார், அதுவும் நான் சொல்லிக்கொடுக்காத மாதிரி: "சுகர்காரங்க தினம் மாத்திரை போடுறாங்கள்ல ஐயா, அதுக்குப் பேரு பழக்கமா?" கோழிக்கோட்டில் ராஜகோபாலும் மற்றவர்களும் 1993ல் தொடங்கிய வலி நிவாரண மையத்தில், இரண்டு வருடத்தில் 1,723 நோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பிப் பார்த்தார்கள். தவறாகப் பயன்படுத்தியதாகவோ கைமாறியதாகவோ ஒன்றுகூடத் தெரியவரவில்லை என்று 2001ல் வெளியிட்டார்கள். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்வேன். அந்த வாசலில் சுகர் மாத்திரைதான் வேலை செய்தது.

வீட்டுக்காரருக்கு எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதலில் சூரியன், கடைசியில் நிலா, நடுவில் கடிகார முள் வரைந்து கொடுத்தார் நர்ஸ். கொடுத்ததும் ஒரு கோடு. நடுவில் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு வட்டம்.

இந்தக் 'கடிகாரப்படி' என்பது பெரிய டாக்டர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்று நர்ஸ்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதை எழுதிப் பரப்பிய இங்கிலாந்துக்காரர் சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகப் பயிற்சி பெற்று, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவச் சமூகப் பணியாளராகி, கடைசியில் டாக்டரானவர். லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற, சாகக் கிடக்கும் ஏழைகளுக்கான இல்லத்தில் தன்னார்வ நர்ஸாகப் போய்வந்தபோது, அங்கே நர்ஸ்கள் வலி வருவதற்கு முன்பே நேரம் பார்த்து மார்ஃபின் கொடுத்ததைக் கவனித்திருக்கிறார். பிறகு தான் வேலை செய்த இடத்தில் அதையே முறையாகச் செய்து பார்த்து எழுதினார். 1967ல் கடைசிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹாஸ்பிஸைத் தொடங்கியதும் உலகமே பின்பற்றியது. நர்ஸ் கையிலிருந்து போன பழக்கம்தான், புத்தகம் சுற்றி நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்

இரண்டாம் நாள் போன் செய்தபோது எட்டணா. நாலு வட்டம் இருந்தது, அதாவது கூடுதலாக நாலு முறை தேவைப்பட்டிருக்கிறது. டாக்டர் ஒரு வேளைக்கு 10 மி.கி. என்று ஏற்றினார். மூன்றாம் நாள் நாலணா. பாய் விரித்துப் படுத்தாராம்.

ஐந்தாம் நாள் காலை வீட்டுக்காரர் போன் செய்தார். "நேத்து மத்தியானத்துல இருந்து மாத்திரைய நிறுத்திட்டேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு. இப்ப ரெண்டு வலியாயிருச்சு."

மலம் போய் ஆறு நாள். மருந்துச் சீட்டில் பைசகோடில் என்ற மலமிளக்கி இருந்தது, 'இரவு 2 மாத்திரை' என்று. மார்ஃபின் கொடுத்தால் கூடவே மலமிளக்கி கொடுக்க வேண்டும், மார்ஃபின் நிற்கும்வரை நிறுத்தக் கூடாது என்பதை எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். தூக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. சரி, ஏன் கொடுக்கவில்லை? நர்ஸ் சொன்னார்: "மேடம், பைசகோடிலைப் பொடிக்கக் கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு. மேல் பூச்சு இருக்கு. வாயால முழுங்கவும் முடியாது. என்ன செய்யறதுன்னு தெரியல. அடுத்த விசிட்ல கேக்கலாம்னு இருந்தேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. குடலில் போய்க் கரைய வேண்டிய பூச்சு அது, பொடித்து டியூபில் விடக் கூடாது. இதுதான் என் தவறு. 'மார்ஃபின்னா பைசகோடில்' என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். வாய்ப்புற்று இவ்வளவு இருக்கும் ஊரில், டியூப் வழியே சாப்பிடும் நோயாளிக்கு என்ன கொடுப்பது என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே இருந்து வந்த பாடக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே நடத்தினேன். தெரியாவிட்டால் அன்றே போன் செய்யலாம் என்றும் சொல்லியிருக்கவில்லை. டீச்சருக்குப் போன் செய்து சந்தேகம் கேட்பது, வார்டில் வளர்ந்த ஒரு நர்ஸுக்கு அவ்வளவு எளிதில்லை.

அன்று நர்ஸ் போய்க் கையுறை போட்டுப் பார்த்தார். மலக்குடல் இறுகிக் கிடந்தது. டாக்டரிடம் கேட்டு ஜெல் தடவிக் கொஞ்சம் கையால் எடுத்து, பிறகு எனிமா. முக்கால் மணி நேரம். வீட்டுக்காரர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். முடிந்ததும் அந்த அம்மா நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "தாயி" என்றாராம். அதற்குப் பிறகு சோடியம் பைகோசல்ஃபேட் சிரப், டியூபில், தினமும் ராத்திரி. மார்ஃபின் மறுபடி அதே அளவில் தொடங்கியது. இரண்டாம் முறை நிறுத்தவில்லை.

காதுக் காந்தலுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில். சில நாளில் இழுப்பு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. புண்ணில் நாற்றம் வந்தபோது மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார்கள், மூன்றே நாளில் அடங்கியது. அதுவரை பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வராமல் இருந்திருக்கிறார்கள். இந்த நாற்றத்தைப் பற்றி நாங்கள் கேட்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு

பதினோரு வாரம் இருந்தார். கடைசியில் மார்ஃபின் ஒரு வேளைக்கு 20 மி.கி. வரை போனது. கன்னத்துப் புண் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதை யாராலும் தடுக்க முடியவில்லை. வலி பெரும்பாலும் நாலணாவுக்குள். மழை பெய்த ஒரு வாரம் மாத்திரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தாமதமாகி ஒரு ராத்திரி மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று நாள் இருப்பு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நர்ஸ் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இதுவும் என் பாடத்தில் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது.

அடுத்த பயிற்சி வகுப்பில் அவரை ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். மூன்று படிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய முதல் கேஸ் ஷீட்டையே போர்டில் ஒட்டி, "இதுல என்ன தப்பு, சொல்லுங்க சிஸ்டர்" என்றார். பின் வரிசையிலிருந்து ஒருவர், "டோஸ் சரியாத்தானே இருக்கு?" என்றார். கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு சின்னப் பெண், போன வருடம் படிப்பை முடித்தவள், மெதுவாகக் கேட்டாள்: "எஸ்.ஓ.எஸ்.னு எழுதினா ராத்திரி யாரு மேடம் கேப்பாங்க?"

காரியம் முடிந்த மறுநாள் நர்ஸும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கிக் கணக்கு எழுத வேண்டும். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார், காலண்டர் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அதற்கு மேலே. எண்ணிக் கொடுத்தார். நர்ஸ் திரும்ப எண்ணினார். பதினாலு. ரிஜிஸ்டரில் எழுதி நான் கையெழுத்துப் போட, அவர் பெருவிரல் வைத்தார். காலண்டர் தாளை நாங்கள் கேட்டோம், வகுப்புக்கு ஆகும் என்று. ஒரு தாளை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.